கைப்பேசியா, கேமராவா: ஐந்து மாதக் குழந்தையும் கிழக்கு வாசலும்

அக்கா மகளுக்கு அப்போது ஐந்து மாதம். குப்புற விழுந்து தலையைத் தூக்கி எல்லோரையும் விசாரணை செய்யும் பருவம். கிருஷ்ணகிரி வீட்டில் என்னிடம் இரண்டு கருவிகள் இருந்தன: என் கைப்பேசி, நண்பனிடம் இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா. கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் துளை பெரிது). புகைப்படம் பழகாத கைக்கு எது ஒத்துவரும் என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன்.

முதலில் தோற்றது கேமராதான். எஃப் 1.8இல் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், முன்பின்னாகத் தெளிவாக விழும் ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் நின்றால் கண் மங்கிவிடுகிறது. குழந்தை ஒரு நொடியாவது தலையை ஆட்டாமல் இருந்தால்தானே! முதல் நாள் எடுத்ததில் முக்கால்வாசியை அழித்தேன். பின்னணி என்னவோ பட்டாக மங்கியிருந்தது, கூடவே முகமும். லென்ஸ் துளையை எஃப் 4க்குச் சுருக்கி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் 250இல் ஒரு பங்காக வைத்து, நமக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் புள்ளியை நிறுத்திய பிறகே படங்கள் தேறின. இதையெல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் சிரிப்பு போய்ப் பசி வந்துவிடும்.

கைப்பேசியில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் சிறியது என்பதால் காதிலிருந்து மூக்குவரை தானாகவே தெளிவாக விழுகிறது. அதன் குறை வேறு. ஆசையில் முகத்தருகே கொண்டுபோனால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கிவிடும். இரண்டடி பின்வாங்கி 2எக்ஸில் (இருமடங்கு ஜூமில்) எடுத்தால் குழந்தை அதன் சொந்த முகத்துக்குத் திரும்புகிறது. போர்ட்ரெயிட் மோடை நான் அணைத்துவிட்டேன். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கவைப்பது. உச்சந்தலையின் பூனைமுடியையும் கருவளையலின் விளிம்பையும் பின்னணி என்றே நினைத்து அழித்துவிடுகிறது. இன்னொன்று, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த கையாலேயே கைப்பேசியை எடுக்கிறோம். லென்ஸைத் துடையுங்கள். பாதி மங்கல் அங்கேயே போய்விடும்.

ஆனால் இரண்டு கருவிகளையும்விட வெளிச்சம்தான் படத்தை மாற்றியது. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் விழும் இடத்தை விட்டு இரண்டடி உள்ளே தள்ளிப் பாய் விரித்தால் வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வந்து, கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டாக மின்னுகிறது. எதிர்ப்பக்கக் கன்னத்தில் நிழல் அதிகமானால் மாமாவின் வெள்ளை வேட்டியை அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னேன், முறைத்துக்கொண்டேதான் பிடித்தார். கூடத்துச் சுவர் பச்சை. சுவரையொட்டிக் கிடத்தினால் முகத்திலும் பச்சை ஏறுகிறது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: எண்ணெய்ப் பளபளப்பு நெற்றியில் வெள்ளைத் திட்டாகிவிடும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். பாட்டியிடம் தோற்பது உறுதி. படத்திலும் அது அழகுதான்.

மாலையில் கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்கும் போனோம். சூரியன் சாயும் நேரத்து வெளிச்சத்துக்கு ஈடு இல்லை. ஆனால் காற்று, கூட்டம், புது முகங்கள் எல்லாம் சேர்ந்து அவளை அழவைத்தன. கடைசியில் நாங்கள் வறுத்த மீன் சாப்பிட்டுத் திரும்பினோம். உட்காரப் பழகிய குழந்தைக்கு அந்த இடம் பொருந்தும். ஐந்து மாதத்துக்கு வீட்டு வாசலே மேல்.

ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளிச்சமும் கையும் அங்கே தேர்ந்தவை. ஆனால் அவர்கள் தரும் நேரத்தில் குழந்தை தூங்கும். வயிறு நிறைந்து, குளித்து விழித்திருக்கும் அந்த இருபது நிமிடம் வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆக, அந்த வயதுக்கு என் ஓட்டு கைப்பேசிக்கு. தரையில் நானும் குப்புறப் படுத்து, அவள் கண் உயரத்தில் பிடித்த படம்தான் இப்போது அக்கா வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

இப்போது எட்டு மாதம், தவழ்கிறாள். கூடத்து வெளிச்சத்தில் கைப்பேசி ஷட்டரை மெதுவாக்கிக்கொள்வதால் கைகள் புகைபோல் இழுபடுகின்றன. இந்த வேகத்துக்கு, குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பிரகாசமாக்கும் ஐஎஸ்ஓ அளவை 1600 வரை ஏற்றி, நொடியில் 500இல் ஒரு பங்கில் பிடிக்கும் கேமரா வேண்டும். நண்பனிடம் மறுபடியும் கேட்டிருக்கிறேன்.