குழந்தையின் கல்லீரல்: பயாப்ஸியா, எலாஸ்டோகிராஃபியா?

குழந்தையின் கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டதா என்று பார்க்க, பயாப்ஸியில் ஊசியால் துளி திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள், சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும், அப்புறம் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சில மணி நேரம் கண்காணிக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தத் துணுக்கு மொத்தக் கல்லீரலில் மிகச் சின்னப் பங்குதான்.

எலாஸ்டோகிராஃபி வழக்கமான ஸ்கேன் மாதிரி. தோலுக்கு மேலிருந்து ஒரு மெல்லிய அதிர்வை உண்டாக்கி, அது கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளப்பார்கள். இறுகிய திசுவில் வேகம் கூடும். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சில மாதங்கள் கழித்து மறுபடியும் பார்க்கலாம், என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய பலம். ஆனால் குழந்தை அழுது புரண்டால் அளவு தடுமாறும். சாப்பிட்ட உடனே பார்த்தால் கூடுதலாகக் காட்டும். முக்கியமாக, அழற்சியோ பித்த அடைப்போ இருந்தாலும் எண் ஏறும், அதைத் தழும்பு என்று நினைத்துப் பயந்துவிடக் கூடாது.

சரி, எதை எப்போது? நோய் என்னவென்றே தெரியாதபோது பயாப்ஸி சொல்லும் காரணத்தை எலாஸ்டோகிராஃபியால் சொல்ல முடியாது. பித்தநாள அடைப்புக்கு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையை வருடக்கணக்கில் கவனிக்க, ஒவ்வொரு முறையும் ஊசி குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.