ராரிட்டன் விரிகுடாவில் தனியாளாக ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்க: எஃகுக் கம்பியா, ஈயக்கரு நரம்பா?

நியூ ஜெர்சிக் கரைக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் நடுவில் உள்ள ராரிட்டன் விரிகுடாவில், ஏப்ரல் மாதம் முழுவதும் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனைத் தேடிப் படகுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு மூன்று மைல் அளவில் படகைச் செலுத்தியபடி, பின்னால் போலி இரையை இழுத்துச் செல்லும் இம்முறைக்கு டிரோலிங் என்று பெயர். இழுவலை கொண்டு கடலடியை வாரும் டிராலிங் வேறு. பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஊரில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் இதை விளக்க வேண்டியிருக்கிறது. படகில் இருவர் இருந்தால் ஒருவர் திசையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் தூண்டிலைக் கவனிப்பார். நான் பெரும்பாலும் தனியாகவே போகிறேன். பதினேழு அடிப் படகு, கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் எஞ்சின், இரண்டு தூண்டிற்கோல்கள். முதல் இரண்டு வசந்த காலங்களில் ரீலில் தூண்டில் நரம்பாக எஃகுக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தேன். அதன்பின் ஈயக்கரு நரம்புக்கு மாறினேன். எனவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: தம் எடையாலேயே தாழ்ந்து, போலி இரையை மீன் திரியும் ஆழத்துக்குக் கொண்டு செல்வது. மூன்று மைல் வேகத்தில் நூறு அடிக் கம்பி விட்டால் இரை ஏறத்தாழ பத்தடி தாழும் என்பது இங்குள்ளோர் கைக்கொள்ளும் கணக்கு. ஈயக்கரு நரம்பு என்பது பின்னிய உறைக்குள் மெல்லிய ஈயக்கம்பி ஓடும் நரம்பு. பத்து கஜத்துக்கு ஒருமுறை அதன் நிறம் மாறும், ஒரு நிறத்துக்கு ஐந்தடி ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம், வேகம் கூடினால் அது குறையும். இந்த விரிகுடாவின் பெரும்பகுதி இருபதடிக்கும் குறைவான ஆழமே உடையது என்பதால், கப்பல் கால்வாயை விட்டு விலகி இருக்கும் வரை இரண்டில் எதுவும் போதும். வலிமையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பி மெல்லியதாகவும் நீளாததாகவும் இருப்பதால், உள்ளங்கையைவிடப் பெரிய உலோகக் கரண்டி இரை நீரில் அசையும் ஒவ்வோர் அசைவும் கோலின் நுனியில் துடிப்பாகத் தெரியும். கரண்டியில் பாசி சிக்கிவிட்டால் அந்தத் துடிப்பு நின்றுவிடுவதைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். ஈயக்கரு நரம்பில் இந்தத் துல்லியம் இல்லை.

ஆயினும் தனியாளுக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்விதான்: நரம்பு தளரும்போது என்ன ஆகிறது? இருவர் உள்ள படகில் நரம்பு தளரவே வேண்டியதில்லை. தனியாளின் படகிலோ அது நாள் முழுவதும் தளர்ந்துகொண்டே இருக்கும். இரையை வெளிவிடும்போது எதிரே ஒரு நண்டுக்கூண்டின் மிதவை தெரிந்தால், ஒரு கை எஞ்சினுக்குப் போயாக வேண்டும். மீன் சிக்கினால், அடுத்த கோலின் நரம்பு தரையைத் தொடாதிருக்க எஞ்சினை மெல்ல ஓடவிட்டபடியே ரீலைச் சுற்ற வேண்டும். காற்று படகைத் திருப்பிவிட்டால் அந்த இரண்டாவது நரம்பு தளரத்தான் செய்யும்.

கீன்ஸ்பர்க் கரைக்கு எதிரே ஒரு காலையில் எனக்கு நேர்ந்தது இதுதான். கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி, சீராக வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். கடந்துபோன பெரிய படகு எழுப்பிய அலை பக்கவாட்டில் மோத, விழாமலிருக்க விளிம்பைப் பிடித்தேன். விரல் ரீலைவிட்டு விலகியது ஒரு நொடிதான். அதற்குள் சுருள்வில் அவிழ்ந்ததுபோல் கம்பி ரீலிலிருந்து துள்ளி எழுந்து, கைப்பிடியைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகக் கிடந்தது. வளையத்தை இழுத்து நேராக்க முயன்றால் அந்த இடத்தில் கூர்மையான மடிப்பு விழும். மடிப்பு விழுந்த கம்பி பின்னொரு நாள் நல்ல மீன் சிக்கும்போது அங்கேயே அறுந்துபோகும் என்பதால், வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. கையுறையோடு குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் படகு எங்கே மிதந்து செல்கிறது என்பதை நான் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தபோது கால்வாயின் பச்சை மிதவை அருகில் நின்றது. வெட்டியெறிந்த கம்பியைவிட அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

ஈயக்கரு நரம்பு தளர்ந்தால் துவண்டு கிடக்கும், அவ்வளவுதான். ரீலுக்குள் கொஞ்சம் குழம்பினாலும் விரலால் எடுத்துவிடலாம். அதைவிடப் பெரிய வசதி அதன் நிறங்கள். மூன்றாம் நிறம் கோலின் நுனியைத் தாண்டியபோது மீன் அடித்திருந்தால், அந்த மீனை எடுத்துவிட்டு மறுபடியும் மூன்றாம் நிறம் வரை விட்டால் போதும். எண்ணவோ கருவியைப் பார்க்கவோ தேவையில்லை. கம்பியிலும் ஐம்பதடிக்கு ஒருமுறை நாடா ஒட்டி அடையாளம் வைப்பதுண்டு, ஆனால் அந்த நாடா பருவத்துக்கு இரண்டு முறையாவது உரிந்துவிடும்.

பராமரிப்பிலும் இதுவே எனக்கு எளிது. எஃகுக் கம்பி, கோலில் நரம்பு ஓடும் சாதாரண வளையங்களை அறுத்துத் தடம் போட்டுவிடுவதால், கடினமான கார்பைடு வளையம் பொருத்திய கோல் தனியாக வேண்டும். மோனெல் கலவைக் கம்பி எஃகைவிட மென்மையானது, குறைவாகத் துள்ளும். விலை கூடுதல் என்பதால் நான் அதை வாங்கவில்லை. ஈயக்கரு நரம்பின் குறை வேறு வகையானது: ஒரே இடத்தில் பலமுறை மடிந்தால் உள்ளே ஈயம் உடைந்து, உறை மட்டும் எஞ்சும். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் துணி நாடாபோல் தொளதொளவென்றிருக்கும். முனையில் முடிச்சுப் போடவும் இதே தன்மையைத்தான் பயன்படுத்துகிறோம்: சில அங்குல ஈயத்தை உருவி எறிந்துவிட்டு, வெற்று உறையில் முடிச்சிட்டு, இரையைக் கட்டும் முன்நரம்போடு இணைக்கிறோம். பருமனாக இருப்பதால் பெரிய ரீல் தேவைப்படுவதும் உண்மை.

மூன்றாவது வழியாக, பின்னல் நரம்பில் பதினாறு முதல் இருபத்து நான்கு அவுன்ஸ் ஈயத்தலை கொண்ட மோஜோ என்னும் போலி இரையைத் தொங்கவிட்டு இழுப்பவர்கள் இங்கே பெருகிவிட்டார்கள். அதை நான் நான்கைந்து நாள்களே முயன்றிருக்கிறேன். நரம்பைக் கையாள்வது மிக எளிது; ஆனால் படகு நின்ற மறுகணம் அந்த எடை தரையில் போய் உட்கார்ந்துவிடுகிறது, தனியாளின் படகு அடிக்கடி நிற்கும். பழகினால் சரியாகிவிடக்கூடும்.

மீனைத் திருப்பி விடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு மிகாமலும் உள்ள ஒரே ஒரு மீனைத்தான் நாளொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால், சிக்குவதில் பெரும்பாலானவை மறுபடியும் நீருக்கே போகின்றன. மீனைப் படகோரத்தில் வைத்துக் கொக்கியைக் கழற்றும் அந்த நிமிடத்தில் இரண்டு கைகளும் ஈரம், கண் மீன்மேல், மற்ற நரம்பு தன்போக்கில். அப்போது பின்னால் கிடப்பது கம்பியாக இல்லாதிருப்பது எனக்கு நிம்மதி. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை 2021 ஏப்ரல் முதல் சிறு படகுகளில் வேகமாகச் செல்லும்போது மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம்; மெதுவாக ஊரும்போது கட்டாயமில்லை என்றாலும், தனியாகப் போகும் நாளில் அதை நான் கழற்றுவதே இல்லை.

கம்பி சுற்றிய ரீல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. விரிகுடாவின் மேற்குப் பகுதி சூடேறி, மீன் முப்பத்தைந்தடி ஆழமுள்ள கப்பல் கால்வாயின் ஓரத்துக்கு இறங்கும் மே மாதக் கடைசியில், அந்த ஆழத்தில் பெரிய கரண்டியை ஆட்டுவதற்குக் கம்பிக்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. அன்றைக்கு மட்டும் மைத்துனரைக் கூட அழைத்துக்கொண்டு போகிறேன். அவர் எஞ்சினைப் பிடித்துக்கொள்வார்.