மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு ஏறி இறங்கின ஒபிஸ்

அம்மாக்கு பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் ஏலாது, கொடுப்பனவுக்கு போடுவம் எண்டு எங்கட பிரதேச செயலகத்துக்கு போனன் (மட்டக்களப்பு பக்கம், பேர் வேணாம்). 2025ல 7,500 ரூபாவ 10,000 ஆக்கினதால விட மனமில்ல. ஜீ.எஸ் (கிராம சேவகர்) கையெழுத்து ஒரே நாளில முடிஞ்சிது, நல்ல மனுசன். சமூக சேவை பிரிவிலதான் இழுத்தடிப்பு, முதல் நாள் ஐடி கொப்பி இல்லயாம், அடுத்த நாள் பேங்க் புக் கொப்பியாம், மூணாம் நாள் உத்தியோகத்தர் பீல்டுக்கு போயிட்டாராம், எல்லாத்தையும் ஒரே தரமா சொன்னா என்னவாம்? வீல்செயார் ஏத்துற சாய்தளம் இரிக்கி, ஆனா அதுல மோட்டார்சைக்கிள் நிக்கிது! நாலாம் தரம் போகக்குள்ள இருந்த மிஸ் மட்டும் 'அம்மாவ கூட்டி வரவேணாம் தம்பி, நாங்களே வீட்ட வாறம்' எண்டா, சொன்னபடி வந்தாவும். அவக்கு அஞ்சு ஸ்டார், ஒபிசுக்கு ரெண்டு. போறவங்க எல்லாத்திலயும் மூணு கொப்பி அடிச்சிட்டு போங்க.