தை மாதத்துக்குள் தோள் தேறுமா?

பத்தொன்பது வயதுத் தம்பிக்கு வலது தோள் மூன்று முறை இறங்கிவிட்டது. முதல் இரண்டும் கபடியில். மூன்றாவது பாலமேட்டில், திமிலைப் பிடித்தபோது. கை உயர்ந்து பின்பக்கமாகத் திரும்பும் அந்த நிலையில்தான் தோள் முன்பக்கம் நழுவும். மாடுபிடி வீரரிடம் கையைத் தூக்காதே என்று எப்படிச் சொல்வது?

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நுண்துளை வழியாகச் செய்யும் பாங்கார்ட் சீரமைப்பு: மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பிய்ந்த தசைநாரைப் பழைய இடத்திலேயே நூலால் இழுத்துக் கட்டுவது. மற்றது 1954இல் பிரான்சின் லாட்டர்ஜே விவரித்தது: தோள்பட்டை எலும்பிலிருந்து முன்புறம் நீண்டிருக்கும் கொக்கி போன்ற பகுதியின் நுனியைத் தசையோடு வெட்டியெடுத்து, தேய்ந்த விளிம்பில் திருகாணியால் பொருத்துவது.

ஊரில் எல்லோரும் கேட்டது, எதில் சீக்கிரம் ஆடலாம் என்றுதான். பாங்கார்டில் நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்கும். மோதல் விளையாட்டுக்குச் சுமார் ஆறு மாதம். லாட்டர்ஜேயில் எலும்பு ஒட்டியது ஸ்கேனில் உறுதியானால் நான்கு முதல் ஆறு மாதம். இந்த ஓரிரு மாதத்துக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரும் தவறு.

பார்க்க வேண்டியது எலும்பை. கிண்ணத்தில் கால் பங்கு தேய்ந்துவிட்டால் கட்டிய தசைநாருக்குப் பிடிமானமே இருக்காது. எலும்பு ஓரளவு நன்றாக இருந்தாலும், இளவயதில் கபடி ஆடுபவருக்கு பாங்கார்டுக்குப் பின் தோள் மீண்டும் நழுவும் வாய்ப்பு அதிகம். அந்த வகையில் லாட்டர்ஜே உறுதியானது. ஆனால் அதற்கும் விலை உண்டு: கத்தி நரம்புகளுக்கு அருகில் போகிறது, திருகாணி தளரலாம், எலும்பு ஒட்டாமலும் போகலாம். எலும்பு தேயாத கைப்பந்து வீரர் என்றால் பாங்கார்டையே சொல்வேன். தம்பியின் சி.டி. ஸ்கேனில் விளிம்பு நன்றாகவே தேய்ந்திருந்தது, லாட்டர்ஜேக்குச் சம்மதித்தோம்.

தீபாவளி முடிந்து அறுவை செய்துகொண்டு தை முதல் நாள் அவனியாபுரத்தில் நிற்க நினைப்பவர்களுக்கு இரண்டு முறையிலும் கணக்கு உதைக்கும். தம்பிக்கு மாசியில் செய்தோம். ஆவணி பிறந்தபோது ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்போதும் பிசியோதெரபிஸ்ட் உடனே விடவில்லை. இரண்டு கைகளின் பலத்தையும் அளந்தார். பிறகு வலது கையைத் தூக்கி மெதுவாகப் பின்னே திருப்பியபடி, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகம் சுளிக்கவில்லை.