பௌனஸா, கெஸ்விக்கா: ஏரிக்கரையில் எங்கே அறை போடலாம்?

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் பலரும் பௌனஸில்தான் தங்குகிறார்கள். காரணம் ரயில். லண்டன் யூஸ்டனில் ஏறி ஆக்ஸன்ஹோமில் மாறினால், அங்கிருந்து விண்டர்மியர் ஸ்டேஷன் 20 நிமிடம். 1847-இல் வந்த அந்தக் கிளைப்பாதை இன்று ஒற்றைத் தடம். இணைப்பு வண்டி போய்விட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். இன்னொன்று: ஸ்டேஷன் விண்டர்மியர் ஏரிக்கரையில் இல்லை. படகுத்துறை இரண்டரை கிலோமீட்டர் கீழே, பௌனஸில். பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாம், திரும்பும்போது மேடு.

கெஸ்விக்குக்கு ரயில் கிடையாது, 1972-இல் மூடிவிட்டார்கள். பென்ரித்தில் இறங்கி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் போய்ச் சேர்ந்தபின் எல்லாம் கைக்கெட்டும் தூரம்: கடைவீதியிலிருந்து பத்து நிமிட நடையில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரை, இன்னும் சற்று நடந்தால் ஃபிரையர்ஸ் கிராக் முனை. வியாழனும் சனியும் தெருச்சந்தை.

நடுவில் உள்ள ஆம்பிள்சைடு நடைக்காரர்களின் ஊர். விண்டர்மியர் ஏரி அங்கிருந்தும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. விண்டர்மியர் ஸ்டேஷன், ஆம்பிள்சைடு, கெஸ்விக் மூன்றையும் 555 பஸ் இணைக்கிறது.

மழை நாளில் பௌனஸ்தான் ஜெயிக்கும். விண்டர்மியர் இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி, 17 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பெரிய படகுகளின் கண்ணாடி அறைக்குள் நனையாமல் உட்கார்ந்து தெற்கு முனையான லேக்சைடு வரை போகலாம், 40 நிமிடம். கெஸ்விக்கில் மழைக்கு ஒதுங்கப் பென்சில் மியூசியம் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். டெர்வென்ட்வாட்டருக்குத் தெற்கே உள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் என்பதால் ரெயின்கோட் இல்லாமல் போகவே கூடாது.

வெயில் அடித்தால் கதையே வேறு. பௌனஸ் துறைமுகப்பு கோடை மதியத்தில் நம் திருவிழாக் கூட்டம்தான். டெர்வென்ட்வாட்டர் லாஞ்ச் ஏழு துறைகளைத் தொட்டு 50 நிமிடத்தில் ஒரு சுற்று வரும். எங்கு வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். கேட்பெல்ஸ் மலை (451 மீட்டர்) ஏறுவதானால் இடஞ்சுழிப் படகில் ஏறுங்கள்: இரண்டாவது நிறுத்தமே மலையடித் துறையான ஹாஸ் எண்ட். வலஞ்சுழியில் ஏறிவிட்டால் ஏரி முழுக்கச் சுற்றித்தான் அங்கே சேரும். உச்சிக்குக் கீழே பாறையைக் கையால் பிடித்து ஏறும் இடங்கள் இரண்டு உண்டு. லட்சக்கணக்கான கால்கள் தேய்த்து வழவழத்த கல். ஈரமானால் இறங்கும்போதுதான் வழுக்கும்.

கெஸ்விக்கே என் ஓட்டு, இரண்டு இரவாவது தங்குவதானால். ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் பௌனஸ் போதும். எதுவானாலும் துறைப் பலகையில் கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். ஹாஸ் எண்டில் அது போய்விட்டால் கெஸ்விக் வரை நாலைந்து கிலோமீட்டர் நடைதான்.