ஹானியா துறைமுகத்தில் மீன் சொல்லும் முன் தராசைப் பாருங்கள்

கிரீட் தீவின் ஹானியாவில், பழைய வெனீசியத் துறைமுகத்தை ஒட்டி, கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. நிதானமாகச் சில நாள் தங்கி ஊர் சுற்ற வருகிறவர்கள் முதல் நாள் மாலையே அங்கேதான் போய் உட்காருகிறார்கள். நிறையப் பேர் ஏமாறுவதும் அங்கேதான். மெனுவில் விலை சரியாகவே போட்டிருக்கும். எடை மட்டும் எங்கும் இருக்காது.

மெனுவில் மீன் பக்கத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். பொரித்த கணவாய், நெத்திலி, மத்தி போன்றவை தட்டுக்கு இவ்வளவு என்று இருக்கும். முழு மீன், லாப்ஸ்டர், பெரிய இறால் எல்லாம் கிலோவுக்கு இவ்வளவு. அந்தக் ‘கிலோ’ பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும்.

வாசலில் நின்று கூப்பிடுகிறவர், பனிக்கட்டி மேல் மீன் பரப்பி வைத்திருக்கும் பெட்டிக்கு உங்களை அழைத்துப் போவார். ஒன்றைத் தூக்கிக் காட்டி, “காலையில் வந்தது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்” என்பார். நீங்கள் தலையாட்டியதும் மீன் சமையலறைக்குப் போய்விடும். கிலோ 70 யூரோ என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 600 கிராம் இருக்கும், 42 யூரோ ஆகும் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். பில்லில் 1.35 கிலோ, 94.50 யூரோ என்று வரும். அந்த நேரத்தில் தட்டில் மிச்சம் இருப்பது முள். எதை வைத்து மறுப்பது? மீன் வாங்கிப் பழகியவர்களுக்கே கண்ணால் எடை சொல்வது கடினம். நீளம் கால் பங்கு கூடினாலே எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும் என்பதால், இந்தக் கணக்கில் கண் எப்போதும் தோற்கும்.

அதனால் மீன் உள்ளே போகும் முன் உங்கள் எதிரில் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா, தட்டோடு சேர்த்து நிறுக்கிறார்களா என்று பாருங்கள். காட்டும் எண்ணைப் போனில் படம் எடுங்கள். எடையையும் மொத்தத் தொகையையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். குடல், செதில் நீக்கும் முன் உள்ள எடைக்குத்தான் காசு. அது பொதுவான வழக்கம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. சாலட்டும் வேறொரு தட்டும் சேர்ந்து இருந்தால் இரண்டு பேருக்கு 700 முதல் 800 கிராம் மீன் தாராளமாகப் போதும். தராசில் வைக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர்களும் எடை கேட்டுத்தான் மீன் சொல்வார்கள்.

என்ன மீன் என்பதும் முக்கியம். சிபூரா (சீ பிரீம்), லவ்ராகி (சீ பாஸ்) இரண்டும் கிரேக்கத்தில் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை. எல்லாம் ஒரே அளவாக, ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். அவற்றைக் கடலில் பிடித்த மீனின் விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பண்ணை மீனா, கடல் மீனா என்று நேராகக் கேளுங்கள். உறைய வைத்த மீன் என்றால் மெனுவில் அதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், பக்கத்தின் அடியில் விளக்கமும் இருக்கும். உறைந்த கணவாயைச் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அன்று பிடித்ததற்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. லாப்ஸ்டர் பாஸ்தாவில் இன்னும் கவனம் தேவை. மெனுவில் இருப்பது லாப்ஸ்டரின் கிலோ விலை. பாஸ்தா ஒரு தட்டுக்கான விலை என்று நினைத்துச் சொல்லிவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் தொட்டுக்கொள்ள ஏதாவதும் வரும். பில்லில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ ஏறும். வேண்டாம் என்றால் தொடாமல் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். சாப்பாடு முடிந்ததும் பழமோ இனிப்போ, சிறு குப்பியில் ராக்கி என்ற உள்ளூர் மதுவோ வரும். கிரீட்டில் அது உபசரிப்பு, காசு வாங்குவதில்லை. பில்லில் அது ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கையால் எழுதிய துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து வைத்தால் பணம் கொடுக்காதீர்கள். ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்ல என்ற வாசகம் கிரேக்க உணவகங்களின் மெனுவிலேயே அச்சாகியிருக்கும். அந்த வரியைக் காட்டி, ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக உள்ள இயந்திர ரசீதைக் கேளுங்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்வதும் பழைய தந்திரம். உணவகங்கள் கார்டை ஏற்றாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

துறைமுக முகப்பில் காபியோ ஐஸ்கிரீமோ சாப்பிட்டுக் காட்சியைப் பாருங்கள், அதற்கு அந்த இடம் அருமை. மீனுக்கு ஃபிர்காஸ் கோட்டையைத் தாண்டிக் கடலோரமாகவே மேற்கே நடந்து நெயா ஹோரா என்ற பகுதிக்குப் போங்கள். கால் மணி நேர நடை. அங்கும் கிலோ கணக்குதான், ஆனால் ஊர்க்காரர்கள் வந்து சாப்பிடும் இடம். மீன் வேண்டாதவர்களுக்கு ஸ்ப்ளான்சியா சதுக்கத்தைச் சுற்றிய சந்துகளில் நல்ல சமையல் கிடைக்கும்.

மீனில் போவது நூறு யூரோ என்றால் வாடகைக் காரில் அதைப் போலப் பல மடங்கு போய்விடுகிறது. எல்லாருக்கும் பாலோஸ் கடற்கரைக்குப் போக வேண்டும். கலிவியானி கிராமத்தைத் தாண்டினால் சுமார் 8 கிலோமீட்டர் கல்லும் மண்ணுமான பாதை. ‘முழு இன்சூரன்ஸ்’ என்று சொல்லித் தந்த ஒப்பந்தத்திலும் தார் போடாத சாலை, டயர், சக்கரத்தின் ரிம், வண்டியின் அடிப்பாகம் ஆகியவை விலக்காக எழுதப்பட்டிருப்பது சகஜம். திரும்பக் கொடுக்கும்போது வண்டி முழுக்கச் செம்மண் தூசி இருந்தால் நேராகக் குனிந்து அடியில்தான் பார்ப்பார்கள். ஆயில் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) ஒரு நசுங்கல் தெரிந்தால் போதும், கார்டில் பிளாக் செய்து வைத்த டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த நசுங்கல் உங்களுக்கு முன் ஓட்டியவர் செய்ததாகவும் இருக்கலாம், அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பாலோஸுக்குக் கிசமோஸ் துறைமுகத்திலிருந்து படகு போகிறது. அதில் போவதே நல்லது. காரை எடுக்கும்போது வீடியோ எடுங்கள்: நான்கு சக்கரங்களும் ரிம்களும், கண்ணாடிகள், எரிபொருள் முள், ஸ்டெப்னி, பிறகு போனைத் தரையோடு நீட்டி வண்டியின் அடிப்பாகம். கீறல் எதுவானாலும் படிவத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னால் கேட்காதீர்கள். ஆள் பார்த்து, ‘சேதம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த பிறகே கிளம்புங்கள்.

கவுன்டரில் இன்னொரு வலை இருக்கிறது. டெபிட் கார்டோ, ஃபாரெக்ஸ் கார்டோ நீட்டினால், டெபாசிட்டுக்கு ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு இவ்வளவு கூடுதல் இன்சூரன்ஸ் எடுங்கள் என்பார்கள். பதிவு செய்யும்போதே இந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள். இந்திய, இலங்கை உரிமம் உள்ளவர்களுக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும். இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகமும், இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷனும் தருகின்றன. அது இல்லாமலே சாவி தரும் கடைகள் இருக்கின்றன, அங்கேதான் ஆபத்து: விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும், மொத்தச் செலவும் உங்கள் தலையில். ஸ்கூட்டருக்கும் இதே கதைதான். அனுமதியில் இருசக்கர வாகனப் பிரிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தங்குமிடத்தில் வாங்கும் அரசுக் கட்டணம் அறைக்கு, ஓர் இரவுக்கு, ஆளுக்கு அல்ல. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் இரண்டு நட்சத்திரம் வரை 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15, குறுகிய கால வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீட்டுக்கு 8, 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கு 15. வாடகை வீடுகளின் விளம்பரத்தில் ஏ.எம்.ஏ. என்ற பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வீட்டுக்கு, அதுவும் முன்பதிவுத் தளத்துக்கு வெளியே வங்கியில் போடுங்கள் என்று கேட்டால், ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள்.

பணம் எடுக்க வங்கிக் கிளையின் சுவரில் உள்ள ஏ.டி.எம்.மையே தேடுங்கள். ரூபாயிலோ உங்கள் ஊர் நாணயத்திலோ கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் மறுத்து, யூரோ என்று தேர்ந்தெடுங்கள். சம்மதித்தால் மாற்று விகிதத்திலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போவதும் உண்டு. உணவகத்தின் கார்டு மெஷினும் இதையே கேட்கும்.

பில்லில் தகராறு வந்தால் குரலை உயர்த்த வேண்டாம். சுற்றுலாக் காவலின் எண் 1571, நுகர்வோர் புகாருக்கு 1520. எந்த எண்ணை அழைக்கப் போகிறீர்கள் என்று சொன்னதுமே பல இடங்களில் தொகை இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் கார்டிலேயே கட்டுங்கள். மெனுவின் படம், தராசின் படம், ரசீது மூன்றையும் சேர்த்து வைத்து, ஊருக்குத் திரும்பும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே உங்கள் வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார் பதிவு செய்யுங்கள்.