நவம்பரில் ட்ரவுட் பிடிக்கக் கூட்டிப் போகிறோம் என்று 42,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள் - சேலம் தூண்டில்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வடக்கே ட்ரவுட் மீன் பிடிக்கப் போகலாம் என்று சேலத்தில் யாராவது பணம் கட்டியிருந்தால், அல்லது கட்டும் யோசனையில் இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்து 42,500 ரூபாய் போயிருக்கிறது. இன்று மதியம்தான் கடைசியாக "பாக்கலாம்ணா" என்று சொல்லி போனை வைத்தார்கள். அந்தக் கோபத்திலேயே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு நடுவில் அவர்கள் என் மேல் கேஸ் போட வழி பண்ணித் தர வேண்டாம் என்றுதான். சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம், ஊருக்குள் மாடியில் ஓர் அறை, சுவர் முழுக்க மீன் போட்டோ. மீன்பிடி டூர் நடத்துகிறோம் என்று சொல்லும் டிராவல்ஸ். அவ்வளவுதான் சொல்வேன்.

நாங்கள் இரண்டு பேரும் மேட்டூரில் தூண்டில் போடுகிறவர்கள். ஜிலேபி, கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கட்லா. ட்ரவுட் என்பது எங்களுக்கு வெகுநாள் ஆசை. அது குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் மீன், மேட்டூர் தண்ணீரில் பிழைக்காது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நீலகிரிக்குத்தான் போகவேண்டும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டு, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே கட்டினார்கள். ஆனால் அது காட்டுப் பகுதி, அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஹிமாச்சலில் குலு பக்கம் அப்படி இல்லை. பியாஸ் ஆறு, அதில் வந்து சேரும் தீர்த்தன், சைஞ்ச் இவற்றில் எல்லாம் பிரவுன் ட்ரவுட் உண்டு, தூண்டில்காரர்களுக்கு லைசென்சும் தருகிறார்கள். இந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "பியாஸ் ஆற்றில் ட்ரவுட் மீன், பாஸ் மீன் இரண்டும் கியாரண்டி. லைசென்ஸ், கைடு, ரூம், ராடு எல்லாம் சேர்த்து. நவம்பர் ஸ்பெஷல்."

நேரிலேயே போனோம். உட்கார்ந்திருந்தவனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். டூரைப் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை. "மேட்டூர்ல எந்தப் பக்கம்ணா போடுவீங்க? மண்புழுவா, மாவா?" என்று ஆரம்பித்தான். அணை 120 அடி எட்டின வருஷம் பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்று சொன்னான். புண்ணாக்கு மாவை எவ்வளவு இறுக்கிப் பிசைந்தால் கொக்கியில் நிற்கும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தான். டீ வந்தது. என் மச்சான் கொலுசு வியாபாரத்துக்கு வடக்கே போய்வருகிறவன், லேசில் யாரையும் நம்பமாட்டான். அவனே அன்றைக்கு அசந்து உட்கார்ந்திருந்தான். அந்த டிராவல்ஸ்காரன் வரைபடத்தைத் திறந்து தீர்த்தன் ஆறு லார்ஜியில் பியாஸோடு சேரும் இடத்தைக் காட்டினான். எல்லாம் சரியான தகவல். இதில்தான் வயிறு எரிகிறது, ஒன்றும் தெரியாத ஆள் இல்லை அவன்.

நான் ஒன்று கேட்டேன், நல்லா ஞாபகம் இருக்கிறது. "நவம்பர்ல குளிர் ஆரம்பிச்சிடுமே தம்பி, சீசன் இருக்குமா?" அதற்கு அவன் சொன்னது: "அண்ணா, அதான் சீசனே. குளிர் விழுந்ததும் பெரிய மீனெல்லாம் முட்டை விட மேல ஏறும். டூரிஸ்ட் கூட்டமும் இருக்காது. லோக்கல் ஆளுங்க நவம்பர்லதான் போடுவாங்க."

மீன் முட்டை விட மேலே ஏறுவது உண்மை. அதனாலேயே அங்கே அந்த மாதங்களில் தூண்டில் போட அரசாங்கமே தடை வைத்திருக்கிறது என்ற பாதியை மட்டும் முழுங்கிவிட்டான்.

மொத்தம் 45,500 என்றான். முதலில் பத்தாயிரம் அட்வான்ஸ் கேட்டவன், "இன்னிக்கே முழுசா கட்டினீங்கன்னா லைசென்ஸ் இன்னிக்கே எடுத்திடுவேன், மூவாயிரம் குறைச்சுக்கிறேன்" என்றான். மேசையில் இருந்த கியூஆர் கோடில் 42,500 போட்டேன். பெயர் கம்பெனி பெயராக வரவில்லை, ஒரு பெண் பெயர் வந்தது. "அக்கா பேர்லதான்ணா அக்கவுண்ட்." சீல் குத்தி ரசீது கொடுத்தான். இரண்டு நாளில் வாட்ஸப்பில் 'லைசென்ஸ்' என்று ஒரு தாளும், கெஸ்ட் ஹவுஸ் வவுச்சரும் அனுப்பினான்.

கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டோம். ரூமில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்க அந்த கெஸ்ட் ஹவுஸ் எண்ணைத் தேடி மச்சான் இந்தியில் பேசினான். ஓனர் பெரியவர், பொறுமையாகப் பார்த்துச் சொன்னார், எங்கள் பெயரில் புக்கிங்கே இல்லையாம். சரி, வேறு ரூம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றுவதற்குள் அடுத்ததைக் கேட்டார்: "நவம்பரில் வந்து எந்த மீனைப் பிடிப்பீர்கள்?"

நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ஹிமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை. வருஷா வருஷம் உண்டு. பெண் மீன் கூழாங்கல்லை வாலால் ஒதுக்கிக் குழி பறித்து முட்டை விடுகிற காலம், அப்போது ஆற்றில் இறங்கினாலே முட்டை மிதிபடும். மார்ச்சில் திறப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் மழையில் ஆறு கலங்கிவிடும், செப்டம்பர், அக்டோபரில் மறுபடி தெளியும். நாள் கணக்கு லைசென்ஸை மீன்வளத் துறைதான் கொடுக்கும். தடைக் காலத்துக்கு யாரும் கொடுக்க முடியாது. அப்படியானால் என் கையில் இருக்கும் தாள் என்ன? சீலைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தே தெரியவில்லை.

அந்த பாஸ் சமாசாரமும் அப்படியே. விளம்பரப் படத்தில் வாயைப் பிளந்துகொண்டிருப்பது பெரியவாய் பாஸ், வட அமெரிக்க மீன். பியாஸில் மேலே ட்ரவுட், கீழே இறங்கினால் மஹ்சீர். பாஸுக்கு எங்கே போவது? யாரோ அமெரிக்காக்காரன் பிடித்த மீனைக் காட்டி சேலத்தில் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் போனில், "அப்படியாண்ணா? ரூல்ஸ் இப்பதான் மாத்தியிருப்பாங்க, விசாரிக்கிறேன்." அடுத்து, மீட்டிங்கில் இருக்கிறான். அடுத்து, ஓனர் பெங்களூர் போயிருக்கிறார். இத்தனை நாளும் ஓனர் என்று ஓர் ஆள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பிறகு ரீஃபண்ட் ஏழு வேலை நாளில் வரும் என்று ஒரு மெசேஜ். அது தாண்டியதும், "ரீஃபண்ட் பாலிசி இல்லண்ணா, மார்ச்சுக்கு மாத்தித் தரேன், சீசன் ரேட்டுக்கு ஆளுக்கு எட்டாயிரம் சேர்த்துக் கட்டணும்." என் 42,500-ஐ வைத்துக்கொண்டு என்னிடமே இன்னும் பதினாறாயிரம் கேட்கிறான்! நேரில் போனால் அறை பூட்டியிருக்கிறது. கீழே வாட்ச் ரிப்பேர் கடைக்காரர், "நீங்களும் மீன் பார்ட்டியா?" என்று கேட்டார். அந்த 'உம்'முக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்று வேறு ஒரு பெண் எடுத்து, மீன் கிடைப்பது இயற்கையைப் பொறுத்தது, ரசீதுக்குப் பின்னால் போட்டிருக்கிறோம் என்றார். தடைக் காலம் எப்போதிலிருந்து இயற்கை ஆனது? லைனைத் திரும்ப அவனிடம் கொடுத்தார். "பாக்கலாம்ணா." கட்.

டிக்கெட் கேன்சல் செய்ததில் பிடித்தம் தனி. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 42,500 சும்மா போனது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: எந்த மாநிலத்துக்குப் போனாலும் தடைக் காலம் எது என்று அந்த மாநில மீன்வளத் துறையிடமே கேளுங்கள். ரூம் வவுச்சர் வந்த அன்றைக்கே அந்த ரூமுக்கு நேரடியாகப் பேசுங்கள். தனி ஆள் பெயரில் கியூஆர் கோடு இருந்தால் முழுப் பணமும் போடாதீர்கள். பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம்.

அவர்கள் பக்கத்தில் இப்போதும் விளம்பரம் ஓடுகிறது. "டிசம்பர் பேட்ச், சில சீட் மட்டுமே." டிசம்பரும் தடைதான் சாமி. கட்டியவர்கள் இருந்தால் ரசீது, பணம் போன ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம். திங்கட்கிழமை காலை நான் போகிறேன்.